ஒட்டாமல் விட்ட திருத்தச் சீட்டு

எங்கள் ஓய்வூதியர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி மூன்று தடவை ஆள் விட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்னத்தை எழுதுவது என்று நான் தயங்கவில்லை. அந்தத் தயக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. எம்.ஏ. படித்தவர்கள் என் ஸ்டூலுக்கு முன்னால் நின்று, "அண்ணே, இந்த விதி எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டுப் போனதை ஒரு தாலுகா ஆபீஸே பார்த்திருக்கிறது. எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

போன மாதம் காரைக்குடியில் நூலக வாசலில் பேத்திக்காகக் காத்திருந்தேன். சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பேர் படியில் உட்கார்ந்து ஆட்சிமுறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெவின்யூ இலாகாவில் இருந்தவன் என்று சொன்னேன். ஒரு பெண் கேட்டது: "அப்பல்லாம் ஒரு விதி மாறிப்போச்சுன்னா புஸ்தகத்துல என்ன தாத்தா செய்வீக?"

"ஒட்டுவோம்" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பையன் போனைக் காட்டி, "இப்ப அதெல்லாம் தானா மாறிரும் தாத்தா. யாரும் ஒட்ட வேண்டாம்" என்றான்.

தானாக மாறிவிடும். என் ஊர் மானகிரி வந்து சேரும்வரை அந்தச் சொல் என்னோடு பஸ்ஸில் வந்தது. ஒட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் அப்பா செட்டியார் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். நான் எட்டு முடித்து, ஆறு வருஷம் அவரோடு சுண்ணாம்பில் கை வெந்து, இருபது வயதில் தாலுகா ஆபீஸ் பியூன் ஆனேன். எந்த ஊர் ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர்ப்பானை நிரப்பினேன், மணி அடித்தேன், மைக்கூடு கழுவினேன், தேவகோட்டைக்கும் மதுரைக்கும் தபால் பை சுமந்தேன். எங்கள் ஜில்லா ராமநாதபுரம் என்றாலும் கலெக்டர் ஆபீஸ் அன்றைக்கு மதுரையில்தான் இருந்தது. அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பானை தூக்கினவன் ஒரு படி உயர்ந்து ரிக்கார்டு ரூமுக்குப் போனது அறுபதுகளின் நடுவில். அனுப்பியவர் டெபுடி தாசில்தார் சிதம்பரநாதம் பிள்ளை.

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒல்லி. பியூனைக்கூட நீ என்று சொல்ல மாட்டார். வாரும், போம், இரும் என்பார். எந்தக் கோப்பையும் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்குத்தான் வாசிப்பார். "முடிவு எங்க வந்து நிக்குன்னு தெரிஞ்சா, ஆரம்பத்துல எவன் பொய் சொல்லுதான்னு தெரியும்" என்பார். பதினாறு வருஷம் அவர் கீழே இருந்தேன், ஒருவரையும் சத்தம் போட்டுத் திட்டிக் கேட்டதில்லை. தப்பு கண்டால் அந்தத் தாளை எடுத்துத் தன் மேஜையின் இடது ஓரத்தில் வைத்துவிடுவார். தப்புச் செய்தவன் தானாக வந்து எடுத்துப் போகும்வரை அது அங்கேயே இருக்கும். ஒரு வாய்ச் சொல் கிடையாது. இடது ஓரத்தில் தாள் கிடந்தால் பெரிய பெரிய குமாஸ்தாக்களுக்கே சோறு இறங்காது.

அவர் என்னிடம் ஒப்படைத்த வேலை திருத்தச் சீட்டு ஒட்டுவது.

இந்தக் காலத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நிலம், பட்டா, புறம்போக்கு, அப்பீல் என்று எல்லாவற்றுக்கும் விதிப் புத்தகங்கள் உண்டு, இங்கிலீஷில், செங்கல் கனத்தில். விதி மாறும்போதெல்லாம் புதுப் புத்தகம் போட மாட்டார்கள். மாறிய நாலு வரியை மட்டும் மெல்லிய தாளில் ஒரு பக்கமாக அச்சடித்து, இன்ன பக்கத்தில் இன்ன வரிக்குப் பதிலாக இது என்று சென்னையிலிருந்து அனுப்புவார்கள். அதுதான் திருத்தச் சீட்டு. பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதன் மேல் சீட்டை முழுசாக ஒட்ட வேண்டும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுப் பசை செய்வேன். ஒட்டிய பின் பதிவேட்டில் சீட்டு வந்த நாள், ஒட்டிய நாள், ஒட்டியவன் சுருக்கொப்பம்.

முதல் நாள் பசைச் சட்டியை என் முன்னால் வைத்து டெபுடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கருப்பையா, மேஜையில கெடக்க வரைக்கும் இது வெறும் தாள். ஒட்டின பெறகுதான் சட்டம். ஒட்டாம போட்டு வச்சா, எவனோ ஒரு ஏழைக்குச் செத்துப்போன விதியில நாம தீர்ப்பு எழுதிருவோம். வந்த அன்னைக்கே ஒட்டணும். சரிதானா?"

"சரிங்கய்யா."

நான் ஆட்சிமுறை படித்த பள்ளிக்கூடம் அந்தப் பசைச் சட்டிதான். சீட்டை எங்கே ஒட்டுவது என்று கண்டுபிடிக்க மேலே பத்து வரி, கீழே பத்து வரி வாசித்தாக வேண்டும். என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ். தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்பேன். சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்குமல்லவா, அதில் பென்சிலால் தமிழில் சுருக்கம் எழுதுவேன். "இதுவரை தாசில்தார் செய்யலாம். இனிமேல் செய்யக்கூடாது" என்கிற மாதிரி. மூன்று முறை வாசித்து மனசில் ஏற்றிக்கொண்டு பிறகு ஒட்டுவேன். என் எழுத்து பசைக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

இப்படி வருஷக்கணக்காக ஒட்டினால் என்ன ஆகும்? சீட்டு ஒட்டிய பக்கம் தடிக்கும். இரண்டு சீட்டு ஒட்டியது இன்னும் தடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவினாலே எந்த இடம் என்று என் விரல் சொல்லிவிடும். கதையளக்கவில்லை. பயிற்சிக்காக ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார், டில்லி வரை போய்ப் பெரிய பரீட்சை பாஸ் செய்தவர். குளத்துப் புறம்போக்கை யாருக்காவது பட்டா போடலாமா என்று ஒரு கேள்வி கேட்டார். குமாஸ்தாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் டம்ளரோடு நின்ற நான் சொன்னேன்: "ரெண்டாவது வால்யூம் சார். பாதி தாண்டி, மூணு சீட்டு ஒட்டின பக்கம்." அவர் புரட்டினார். இருந்தது. எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். காக்கிச் சட்டைக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெபுடி தலை நிமிரவில்லை; ஆனால் அவர் பேனா ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் பெயர் பரவிவிட்டது. இலாகாப் பரீட்சை என்று ஒன்று உண்டு. குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் பயிற்சிக்காலம் முடிவதற்குள் அதில் தேறவேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும். வேடிக்கை என்னவென்றால் அது புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதுகிற பரீட்சை. ஹாலுக்குள் விதிப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். கையால் எழுதிய குறிப்பு மட்டும் கூடாது. புத்தகம் இருந்தால் போதுமே என்று போவார்கள். ஒரு பி.ஏ.காரர் ஆறு புத்தகம் சுமந்துகொண்டு போய், மூன்று மணி நேரமும் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். "கடலுக்குள்ள குண்டூசி தேடின மாதிரி ஆயிருச்சுண்ணே" என்றார். அதிலிருந்து பரீட்சைக்குப் போகிறவர்கள் எல்லாரும் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, வர்ணத்தாளில் கொடி வைத்து வாங்கிப் போவார்கள். பச்சை பட்டாவுக்கு, மஞ்சள் புறம்போக்குக்கு, சிவப்பு அப்பீலுக்கு. அக்கம்பக்கத்து ஆபீஸ்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். பின்னால் தாசில்தார் ஆனவர்கள் அதில் உண்டு. எட்டாம் வகுப்புக்காரன் கொடி வைத்த புத்தகத்தால் தாசில்தார் ஆனார்கள் என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

அந்தப் பெருமையில்தான் கோட்டை விட்டேன்.

எங்கள் ஆபீஸில் சிக்கந்தர் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். திருப்பத்தூர்க்காரர். அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பா தையல்காரர், கண் மங்கி மிஷினை விட்டுவிட்டார். கட்டிக்கொடுக்க இரண்டு தங்கைகள். அந்த வம்சத்திலேயே சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவர், வாய் துடுக்கு, மனசு சுத்தம். பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டார். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தை மாதத்தோடு அவருடைய பயிற்சிக்காலம் முடிகிறது. அந்தக் கெடுவை அவருக்குக் கணக்குப் போட்டுச் சொன்னவனே நான்தான்.

கார்த்திகையில் பரீட்சை. அதற்கு முந்தின நாள் ரிக்கார்டு ரூமுக்கு வந்தார்.

"அண்ணே, என் புஸ்தகம் பழசு. ஒரு சீட்டுகூட ஒட்டாதது. நீக கொடி வச்ச ரிக்கார்டு ரூம் காப்பிய ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணே."

"சர்க்கார் புஸ்தகத்த வெளிய விட்டா என் வேலை போயிரும் தம்பி."

"போனா என்ன? ரெண்டு பேரும் திருப்பத்தூர்ச் சந்தையில கத்திரிக்காய் விப்போம்."

"ஒங்களுக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. நீக கூவுங்க, நான் நிறுக்கிறேன்."

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். என் புத்தகம் ஒருவரை ஆளாக்கப் போகிறது என்ற எண்ணம் எனக்கு. ஆனால் அந்தப் புத்தகத்தில் நாலு சீட்டுகள் ஒட்டாமல் கிடந்தன.

அந்த ஐப்பசி முழுக்க அடைமழை. பசை காயாது, ஒட்டினால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதோடு எட்டுப் பேருடைய பரீட்சைப் புத்தகங்களுக்குக் கொடி வைக்கிற வேலை வேறு என் தலையில். நாலு சீட்டுகளையும் பின்பக்கம் சுருக்கம் எழுதி, அதனதன் பக்கத்தில் செருகி வைத்தேன். வெயில் வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதிவேட்டில் மட்டும் வந்த அன்றே ஒட்டியதாகச் சுருக்கொப்பம் போட்டுவிட்டேன். டெபுடி பதிவேட்டைப் பார்ப்பாரல்லவா. சரியான பக்கத்தில்தானே இருக்கிறது, ஒட்டினால் என்ன, செருகினால் என்ன என்று அப்போது தோன்றியது. சிக்கந்தருக்குக் கொடுக்கும்போது அந்த நாலும் என் நினைவிலேயே இல்லை.

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. சிக்கந்தர் அப்பீல் கேள்விக்காகச் சிவப்புக் கொடியைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு சீட்டு நழுவித் தரையில் விழுந்திருக்கிறது. மேற்பார்வையாளர் எடுத்துப் பார்த்தார். அச்சடித்த திருத்தச் சீட்டு. திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினாராம். நீட்டும்போது தாள் புரண்டுவிட்டது. பின்பக்கம் பென்சிலால் தமிழ் எழுத்து. அதுவும் கேள்விக்கு நேர் விடை.

மார்கழியில் சென்னையிலிருந்து மெமோ வந்தது. பரீட்சைக் கூடத்தில் கையெழுத்துக் குறிப்பு வைத்திருந்ததால் சிக்கந்தரை ஏன் பல வருஷங்களுக்குப் பரீட்சையிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் வேண்டும் என்று. விசாரித்து எழுதவேண்டியவர் டெபுடி. சீட்டும் சாட்சியாகக் கூடவே வந்திருந்தது.

சிக்கந்தரைக் கூப்பிட்டார். நான் இரண்டு அடி தள்ளி அலமாரிக்குப் பின்னால் கட்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த எழுத்து உம்முடையதா?"

"இல்லைங்கய்யா."

"பின்ன யாருது?"

"தெரியாதுங்கய்யா."

"புஸ்தகம்?"

"ஆபீஸ் புஸ்தகம். நான் எடுத்துட்டுப் போனேன்."

"கேட்டு எடுத்தீரா, கேக்காமலா?"

சிக்கந்தர் சொன்னார்: "கேக்காம."

என் கையில் இருந்த கயிறு அப்படியே நின்றது. டெபுடி அவரைப் போகச் சொன்னார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பாமலே, "கருப்பையா, திருத்தச் சீட்டுப் பதிவேட்டைக் கொண்டாரும்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சீட்டின் நம்பர் இருந்த பக்கத்தைத் திறந்தார். என் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். திறந்தபடியே மேஜையின் இடது ஓரத்தில் வைத்தார். அடுத்த கோப்பை எடுத்துக் கடைசித் தாளிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஒன்பது நாள் அது அங்கே இருந்தது. காலையில் டெபுடி மேஜையைத் துடைப்பது அப்போதும் நான்தான். பதிவேட்டைத் தூக்கித் துடைத்துவிட்டு அதே பக்கத்தைத் திறந்து அதே இடத்தில் வைப்பேன். அவருக்கு என் எழுத்து தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்க மாட்டார்.

நான் ஏன் பேசவில்லை? பொய்யாகச் சுருக்கொப்பம் போட்டது, சர்க்கார் புத்தகத்தை வெளியே விட்டது என்று குற்றம் இரண்டு. வேலை போகும். வீட்டில் ஒரு குழந்தை, இன்னொன்று வயிற்றில். மானகிரியில் அஸ்திவாரம் போட்டுக் கிடந்த வீடு. இதையெல்லாம் சொல்லலாம். இதைவிட வெட்கக்கேடானது ஒன்று உண்டு. விதி எனக்குத் தெரியும் என்பதால் விதிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். விளக்கத்துக்குப் பதினைந்து நாள் கெடு இருக்கிறது, இன்னும் பத்து நாள் இருக்கிறது, இன்னும் எட்டு நாள் இருக்கிறது என்று. சிக்கந்தருக்கு என் எழுத்து அடையாளம் தெரியவில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தால் சொல்லியிருப்பாரே. தினமும் மத்தியானம் என்னைக் கடந்து போகும்போது, "என்னண்ணே, சாப்டாச்சா?" என்று எப்போதும் போல் கேட்டார். கோபம் இருக்கிறவர் அப்படிக் கேட்பாரா என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை என் மனைவி லெட்சுமி தட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு மேலா சோத்தக் கிண்டிக்கிட்டே இருக்கீக. என்ன செஞ்சு வச்சீக?" என்றாள். சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"ஊரெல்லாம் என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு சொல்லிக்கிட்டுத் திரிவீக. இப்ப அது ஒங்க கையெழுத்து இல்லையாக்கும்?"

"வேலை போயிரும்டி."

"எங்கப்பன் என்னக் கட்டிக் குடுக்கிறப்ப நீக தண்ணிப்பானைதான் தூக்கிக்கிட்டு இருந்தீக. அந்தப் பானை இன்னும் அங்கதான் இருக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

அன்று டெபுடி வந்து உட்காரும் முன் அவர் மேஜைக்கு எதிரே நின்றேன். இடது ஓரத்திலிருந்த பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். "எழுத்து என்னுதுங்கய்யா. புஸ்தகமும் நான் குடுத்ததுதான்" என்றேன்.

அவர் உட்கார்ந்து, வெள்ளைத் தாள் எடுத்து, என் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதினார்.

"ஒட்டாமலே ஒட்டினதாச் சுருக்கொப்பம் போட்டீரா?"

"ஆமாங்கய்யா."

"ஏன்?"

"மழைங்கய்யா. பசை காயல."

பேனாவை நிறுத்தினார். "பதிவேட்டுல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே. மழை, பசை காயலன்னு அதுல எழுதியிருக்கலாமே, கருப்பையா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். தை முடிய இருந்த நாட்களை எண்ணினார். பிறகு வேறு எந்த வேலையும் தொடாமல், சிக்கந்தர் மேல் குற்றமில்லை, அவருடைய பயிற்சிக்காலத்தை நீட்டித்து இன்னொரு பரீட்சை எழுத விட வேண்டும் என்று மேலே பரிந்துரை எழுதினார். அது யார் எழுத்து என்று மெமோவுக்குப் பதில் சொல்லாமல் நீட்டிப்புக் கேட்க முடியாது. அதற்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். கோப்பு முதலில் தேவகோட்டைக் கோட்ட ஆபீஸுக்குப் போயிற்று. அங்கே அதிகாரி முகாமிலிருந்து திரும்பக் காத்துக் கிடந்தது. கையெழுத்தாகி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று பதில்கள் வந்தன. சென்னையிலிருந்து வந்தது: சிக்கந்தர் மேல் நடவடிக்கை இல்லை, அவர் பரீட்சை எழுதலாம். மதுரை வழியாக வந்தது: பயிற்சிக்காலம் முடிந்து நாலு நாள் கழித்து நீட்டிப்புக் கேட்டு வந்திருப்பதால் ஏற்பதற்கில்லை, அவரை வேலையிலிருந்து விடுவிக்கவும். மூன்றாவது எனக்கு: இரண்டு வருஷம் மறுபடி பியூன்.

நாலு நாள். நான் வாய் மூடிக்கிடந்தது ஒன்பது நாள். ஐந்தாம் நாள் சொல்லியிருந்தால் அந்தக் கோப்பு கெடுவுக்குள் போயிருக்கும். இந்தக் கணக்கை எனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. நான்தான் கணக்கில் கெட்டிக்காரனாயிற்றே.

உத்தரவை உரியவர் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வருவது பியூன் வேலை. நான் பியூன். இரண்டு உத்தரவுகளையும் எடுத்துக்கொண்டு, லீவில் இருந்த சிக்கந்தரைத் தேடித் திருப்பத்தூருக்குப் பஸ் ஏறினேன். சிக்கந்தர் வீட்டில் அத்தா பாயில் படுத்திருந்தார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்கள். சிக்கந்தர் இரண்டையும் நின்றபடியே வாசித்தார்.

"ஒண்ணு, நீ பரீட்சை எழுதலாம்ங்குது. இன்னொண்ணு, நீ எழுதுற ஆளே இல்லைங்குது. நல்லாத்தான் இருக்குண்ணே ஆட்சிமுறை."

"தம்பி, அந்த எழுத்து..."

"சீட்டு கீழ விழுந்து புரண்டப்பவே தெரியும்ணே. ஆபீஸ்ல அப்படி எழுத வேற ஆள் யாரு இருக்கா?"

"பெறகு ஏன் டெபுடிகிட்டச் சொல்லல?"

"கேட்டு வாங்கினது நான். குடுத்த கையக் காட்டிக் குடுக்கவா?" உத்தரவுகளை மடித்தார். "நீகளா சொல்லுவீகன்னு இருந்தேன். தெனம் சாப்டாச்சான்னு கேட்டேன்ல? அது சோத்தக் கேட்டதில்லண்ணே."

நகலை நீட்டினேன். என் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை வந்து, "டீயக் குடிக்காமப் போறீகளே" என்றார். அந்த வருஷமே பினாங்கில் மாமன் கடைக்குப் போய்விட்டார். தங்கைகள் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

கோப்பு முடிந்து திரும்பியபோது சாட்சியாகப் போயிருந்த சீட்டும் கூடவே வந்தது, முத்திரை குத்தி, நம்பர் போட்டு. ரிக்கார்டு ரூமில் அப்போது வேறு ஆள். இருந்தும் டெபுடி என்னைத்தான் கூப்பிட்டார்.

"இதை ஒட்டணும்லா."

பசை காய்ச்சினேன். பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். சீட்டைத் திருப்பினேன். என் பென்சில் எழுத்து. ரப்பரை எடுத்தேன்.

"அழிக்க வேண்டாம்" என்றார். "அப்படியே ஒட்டும்."

ஒட்டினேன். காயும்வரை அவர் பக்கத்தில் நின்றார். பதிவேட்டில் பழைய தேதியை அடித்துவிட்டு உண்மைத் தேதியை எழுதி, குறிப்புக் கட்டத்தில் "காலம் கடந்து ஒட்டப்பட்டது" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ரிக்கார்டு ரூமுக்குத் திரும்பினேன். ஓய்வு பெறும்வரை ஒரு சீட்டும் ஓர் இரவுகூட என் மேஜையில் ஒட்டாமல் கிடந்ததில்லை. மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்திருக்கிறேன். இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் அந்த அப்பீல் விதியும் மாறியது. புதுச் சீட்டு வந்தது. பழைய சீட்டின் மேலேயே அதை ஒட்டினேன், வந்த அன்றே.

விதி தானாக மாறிக்கொள்வது நல்லதுதான். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, கண்ணைக் கட்டிவிட்டு விரலால் பக்கம் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேட்டதையெல்லாம் திறந்து காட்டினேன். கை தட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் என் விரல் முதலில் இரண்டு சீட்டு ஒட்டிய அந்த அப்பீல் பக்கத்தில் போய் நின்று, பிறகுதான் அவர்கள் கேட்ட பக்கத்துக்கு நகர்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.